மலை ஏறிய பை

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த கையோடு, ஓசூர் ரயில் நிலையத்தில் தொடங்கிய விஷயம் இது. நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரி. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மூக்கண்டப்பள்ளியில் வாடகை அறைகள் எடுத்துத் தங்கியிருந்த பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கியே தீர்க்காமல் எங்கேயாவது நடந்து போய் வருவதுதான் குழுவின் வேலை. அதற்குத் தலைவி நான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரல் பெரிது என்பதால் தானாக வந்த பதவி.

அந்தக் குழுவில் எனக்கு நெருக்கமானவள் பர்கூர்ப் பக்கத்துப் பெண். முதுகில் பையை மாட்டிக்கொண்டு உண்மையான மலை ஒன்றில் ஏற வேண்டும் என்று வருஷம் முழுக்க எங்களை நச்சரித்தவள் அவள்தான். அவள் ஊரைச் சுற்றி கிரானைட் குவாரி. "எங்க ஊர்ல மலைன்னா அறுத்து லாரியில ஏத்தறதுதான்டி. யாரும் கை வெக்காத மலை ஒண்ணை முழுசா பாக்கணும்" என்பாள். அந்த மாதத்தோடு அவளுக்குக் கம்பெனியில் ஒப்பந்தம் முடிகிறது, வீட்டில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள். இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்காகவே பாலக்காட்டுப் பக்கம் ஒரு மலைக்கு ஏற்பாடு செய்தோம்.

நானும் அவளும் கம்பெனியில் ஒரே டேபிள். அந்த மாதம் அவளுக்கு நைட் ஷிஃப்ட், எனக்குக் காலை ஷிஃப்ட். தினமும் விடிந்ததும் நான் போய் நின்றால் அவள் கிளம்புவாள். சனிக்கிழமை காலை ரயில் என்பதால் நான் லீவு சொல்லிவிட்டேன். அவள் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் நேராக ஸ்டேஷன் வந்துவிடுவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகும் முன் தன் பையை என்னிடம் கொடுத்தாள். தூக்கினால் தோள் இறங்கிவிடும் போல இருந்தது. "கல்லு ஏதாச்சும் வெச்சிருக்கியா?" என்று கேட்டேன். "நாளைக்குத் திறந்து பாரு" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் ரயில் வந்து நின்றது. அவள் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் போனுக்கு அனுமதி கிடையாது, லாக்கரில்தான் கிடக்கும். இன்னும் வெளியே வரவே இல்லையா, இல்லை பஸ்ஸில் தூங்கிவிட்டாளா? ரயில் நகரும்வரை கதவில் தொங்கிக்கொண்டு பிளாட்பாரத்தையே பார்த்தேன். அவள் பை மட்டும் ஜன்னலோரம் அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ராயக்கோட்டை தாண்டுவதற்குள் கவலை போய்க் கோபம் வந்துவிட்டது. "மலை மலைன்னு நம்ம உயிரை எடுத்தா, கடைசியில அவளுக்கே பொறுப்பில்லை பாரு" என்று ஆரம்பித்தவள் நான்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தருமபுரியில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா ஏறி, "இங்க ஆளு வருதாம்மா?" என்று கேட்டார். "வராது, உக்காருங்க" என்று பையைத் தூக்கி மேலே போட்டேன்.

சேலம் வந்தபோதுதான் அவளிடமிருந்து போன் வந்தது. "பஸ்ஸு லேட்டாயிடுச்சுப்பா. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. பஸ் பிடித்துப் பின்னாலேயே வரச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. "உனக்கெல்லாம் எதுக்குடி மலை?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பையில சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் இருக்குது, எல்லாருக்கும் வரும். கெட்டுப்போறதுக்குள்ள சாப்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். நைட் ஷிஃப்டுக்குப் போகும் முன் பத்துப் பேருக்கும் சமைத்து அடுக்கியிருக்கிறாள். அதைப் பிரித்து, அவளைத் திட்டிக்கொண்டே தின்றோம். தொக்கு பிரமாதமாக இருந்தது. அதைச் சொல்லக்கூட யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் மலையடிவாரத்தில், அவள் பையை அறையிலேயே போட்டுவிடலாம் என்றாள் ஒருத்தி. எனக்கு மனசு கேட்கவில்லை. "அவ வரல, பையாவது ஏறட்டும்" என்று பாதி விளையாட்டாகச் சொல்லி, மாற்றி மாற்றிச் சுமந்தோம். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கண்ணுக்கு எட்டியவரை பச்சை, எங்கேயும் ஒரு வெட்டுக்காயம் இல்லை. ஒரு பாறைமேல் பையை உட்காரவைத்துப் படம் எடுத்தேன். கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் அனுப்பினேன். "மலை முழுசா இருக்குதா?" என்று மட்டும் கேட்டிருந்தாள். "முழுசா இருக்கு. வந்திருந்தா நீயே பாத்திருக்கலாம்" என்று பதில் போட்டேன். அப்போதும் குத்தல்தான்.

திங்கட்கிழமை காலை டேபிளுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் லைன் லீடர், "ஏம்மா, நீ பாட்டுக்கு லீவு போட்டுட்டே. உன் இடத்துக்குச் சொல்லி வெச்ச ஆளு வரல. பாவம் அந்தப் புள்ள, நைட்டு முழுக்க நின்னுட்டு, ஒம்பதரை வரைக்கும் இங்கயே நின்னுது" என்றார்.

மாற்றுக்கு ஆள் வராமல் டேபிளை விட்டு நகரக் கூடாது. அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். தினமும் அவளை விடுவிக்கிற ஆள் நான். டிக்கெட், அறை, வண்டி எல்லாம் யோசித்த பெரிய தலைவிக்கு, நான் போகாவிட்டால் அவள் எப்படி வெளியே வருவாள் என்று மட்டும் யோசிக்கத் தெரியவில்லை. ஒரே டேபிளில் நிற்கிற இரண்டு பேர் ஒரே ரயிலுக்குக் கிளம்பியிருக்கிறோம்!

அன்று சாயங்காலம் அவள் அறைக்குப் போனேன். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "ஏன்டி சொல்லல?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லியிருந்தா நீ சேலத்துல இறங்கியிருப்ப. ரெண்டு பேரும் பாக்காம போறதுக்கு ஒருத்தியாவது பாக்கட்டும்னுதான்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "வுடுப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாதக் கடைசியில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் போய் வந்தேன். இப்போது கைக்குழந்தைக்காரி. போன் பண்ணும்போதெல்லாம், "குழந்தை கொஞ்சம் வளரட்டும், உன்னை நானே கூட்டிப் போறேன்" என்பேன். "போலாம், போலாம்" என்பாள். இரண்டு பேருக்குமே அதில் நம்பிக்கை இல்லை.

பொறுப்பில்லாதவள் என்று ரயில் முழுக்கக் கேட்கும்படி நான் ஏசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவள் கால்கடுக்க நின்றுகொண்டிருந்தது நான் நிற்க வேண்டிய இடத்தில் என்கிற நினைப்பு, வராமல் போன யாரையாவது குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இன்றும் என் வாயை அடைத்துவிடுகிறது.