கோயில் மண்டபத்தில் ஒரு பவேரியச் சொல்

மொன்றியலுக்கு வருமுன் நானும் கணவரும் என் தங்கையும் மியூனிச்சில் ஒரே அறையில் குடியிருந்தோம். நடுவில் ஒரு திரைச்சீலை. நான் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். தேநீர் இடைவேளை வந்தால் கூட வேலை செய்த பெண்கள் 'ராட்ஷன்' செய்யக் கூப்பிடுவார்கள். அரட்டை அடிப்பதற்குப் பவேரியாவில் அதுதான் வினைச்சொல். பெரிய வெள்ளியன்று கோயில் மணி அடிக்கமாட்டார்கள், அதற்குப் பதிலாக ஒரு மரக்கருவியைச் சுழற்றுவார்கள். அது போடும் கடகட சத்தத்திலிருந்து பிறந்த சொல் என்று ஒருத்தி விளக்கினாள். முழங்கால் வலி, பேருந்துக் கட்டணம், மாமியார் என்று சத்தம் ஓயாது. ஆனால் அதனால் யார் வாழ்க்கையும் கெட்டதில்லை.

எங்கள் ஆட்கள் செய்ததற்கு அந்தச் சொல் போதாது. அடுத்தவர் வீட்டு வம்பைக் கிண்டுவதை விடுப்பு என்று யாழ்ப்பாணத்தில் சொல்வோம்; அதுவும் போதாது.

மொன்றியலில் தங்கைக்குக் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லவால் நகரில். வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதர் கேட்பார். முதல் ஞாயிறு கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூசை முடிந்து கீழே மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்ததும் எல்லா வாயும் திறந்தது. "ஜேர்மனியில ஆரோ ஒருத்தனோட ஒரே அறையில இருந்தவளாம்" என்று ஒரு அன்ரி பக்கத்து மேசையில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வாய் நிறைய ரோல்ஸ், அதற்குள் என் தங்கை.

எழுந்து போய், அந்த ஒருத்தன் என் கணவர்தான், நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொன்னேன்.

"ஓம் ஓம், எங்களுக்குத் தெரியாதே பிள்ளை? சனம் கதைக்குது" என்றார் அன்ரி.

இரண்டாம் ஞாயிறும் பெயர் வாசித்தார்கள். அந்த வாரமே மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் பேசினார். "நாங்கள் ஒண்டும் நினைக்கேல்லை. பேந்து பாப்பம்" என்றார். பிறகு என்று சொல்லும் அந்தப் 'பேந்து'வுக்கு இனி இல்லை என்றுதான் அர்த்தம் என்பது எனக்கு விளங்கியது.

மூன்றாம் ஞாயிறு பாதர் வேறு அறிவித்தல்களை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். தங்கை தலை நிமிரவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றேன். ஒளிந்து ஓட மாட்டேன் என்று மண்டபத்துக்கு வந்தாள். அதே அன்ரி ஒரு தட்டில் ரோல்ஸோடு வந்து அவள் தோளைத் தடவினார்.

"மனசை விடாதை பிள்ளை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஏன் நிப்பாட்டினவை? உனக்கு ஏதும் சொன்னவையே?"

தங்கை அழத் தொடங்கினாள். அன்ரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.