குடைத்துணிக்குள் பகல் நட்சத்திரங்கள்

போன வாரம் உச்சிவெயிலில் தபால் நிலையத்துக்கு நடந்தபோது குடையை விரித்தேன். பழைய கறுப்புக் குடை. தையல் ஓடிய இடமெல்லாம் வெயில் ஊசிமுனை அளவில் உள்ளே வந்துகொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் குடையை மாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு, முன்பு வேலை பார்த்த மாரண்டஹள்ளி ஊர் ஞாபகம் வந்து, தபால் நிலையத்தையும் தாண்டி நடந்துவிட்டேன்.

எதற்கெடுத்தாலும் தேதி சொல்கிறவள் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். இந்த விஷயத்தில் எழுபதுகளின் தொடக்கம் என்பதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. அந்த வருஷத்து டைரியைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் மாதம் பங்குனிதான். புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளிப்பு வாசனை எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கும். மின்னலைகள் ஓடும் ஆஸிலாஸ்கோப் திரையைப் பார்த்துக்கொண்டே எச்சில் விழுங்கிய விஞ்ஞானிகள் உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்காடு, நடுவில் ஓட்டுக் கட்டடம், காடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் தாழ்ந்த கீற்றுக் கொட்டகைகள். வானத்துக்கு அப்பாலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி உடைந்து, நுண்துகள்களாகத் தரையில் மழைபோல் விழுகின்றன. நீங்கள் இதைப் படிக்கும்போதும் உங்கள் உள்ளங்கை வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தத் துகள்களை எண்ணுவதுதான் எங்கள் வேலை. முனைவர் பட்டம் முடித்த கையோடு, மேலாய்வுக்காக நான் அங்கே வந்திருந்தேன். ஊர்க்காரர்களுக்கு நான் டாக்டரம்மா. காய்ச்சல் என்று வந்தவர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவதே முதல் மாதம் என் முக்கியப் பணியாக இருந்தது.

அதுவரை கெய்கர் குழாய்களை வைத்து எண்ணிக்கொண்டிருந்தோம். அவை மெதுவானவை, கிழடு தட்டியவை. அவற்றை எடுத்துவிட்டுப் புதிய கருவிகளைப் பொருத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புதியது ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பலகை. துகள் ஒன்று உள்ளே பாய்ந்தால் பலகையில் மினுக்கென்று ஓர் ஒளி தோன்றும்; பக்கத்திலுள்ள ஒளிப்பெருக்கிக் குழாய் அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத மினுக்கு அது. வெளி வெளிச்சம் துளி நுழைந்தாலும் கணக்கு கெட்டுவிடும். பலகைகளை வைத்த மரப்பெட்டிகளோ, அந்த ஊர் வெயிலில் காய்ந்து வாய் பிளந்துவிட்டன. ஆகவே பெட்டிகளுக்கு மேல் இரட்டைக் குடைத்துணியில் உறை தைத்துப் போடுவது என்று முடிவு செய்தோம்.

கடைவீதியில் தையற்கடை வைத்திருந்த காதர் பாய் அளவெடுக்க வந்தார். பெட்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"கழுத்து எங்கீங்க டாக்டரம்மா?"

"கழுத்தெல்லாம் இல்லீங்க பாய். இந்தப் பக்கம் ஒயர் வெளிய வரணும்."

"அப்ப அது கை. முழுக்கையா, அரைக்கையா?"

முழுக்கை என்றேன். எங்கள் நிலையத் தலைவர் ராகவன் சார், பலமாக இருக்கட்டும் என்று, எல்லா ஓரத்திலும் இரட்டைத் தையல் போடச் சொன்னார். பாய் சொன்ன நாளில் கொண்டுவந்தார். கல்யாண உடுப்பு மாதிரி தைத்திருந்தார்.

பங்குனிக் கடைசியில் தலைமையிடத்திலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. புதிய கருவிகள் இரவும் பகலும் ஒரே சீராக எண்ணினால் நிலையம் நிலைக்கும். இல்லாவிட்டால் கருவிகள் மலைமேல் இருந்த வேறொரு நிலையத்துக்குப் போகும், எங்கள் கதவில் பூட்டுத் தொங்கும், நானும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கருவிகளை ஓட விட்டோம். காலையில் எண்ணிக்கை ஏறியது, உச்சிவேளையில் உச்சத்துக்குப் போனது, சாயங்காலம் இறங்கியது. மறுநாளும் அப்படியே. சாதாரண மனிதர்கள் உடனே வெளிச்சத்தைச் சந்தேகித்திருப்பார்கள். நாங்கள் படித்தவர்கள் அல்லவா? சூரியனிலிருந்து இதுவரை யாரும் அறியாத ஏதோ ஒன்று வருகிறது என்று முடிவுகட்டினோம். ராகவன் சார் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். நான் மட்டும் என்ன, மனதுக்குள் வெளிநாட்டு மாநாட்டில் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பகலில் ஒரு மேகம் வந்தது. எண்ணிக்கை சடாரென்று விழுந்தது. மேகம் விலகியது, ஏறியது. சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்டவெளியிலிருந்து வருகிற துகளுக்கு ஒரு துண்டு மேகம் எந்த மூலைக்கு?

"தலைப்ப அடிச்சிடலாமா சார்?" என்றேன்.

"நீங்களே அடிங்கம்மா. எனக்குக் கை வரல."

ஓர் உறையைக் கழற்றி வெயிலில் விரித்து, தலை முதல் இடுப்பு வரை அதற்குள் நுழைத்துக்கொண்டேன். விளிம்பைச் சுற்றி சார் துணியை அமுக்கிப் பிடித்தார். உள்ளே அடுப்புச் சூடு. முதலில் கும்மிருட்டு. கண் பழகப் பழக, ஒரு நட்சத்திரம், பத்து, நூறு, பிறகு வரிசை வரிசையாக நட்சத்திரங்கள். ஊசி நுழைந்த ஒவ்வொரு இடமும் ஒரு துளை. பலத்துக்குக் கேட்ட இரட்டைத் தையல், துளைகளையும் இரட்டிப்பாக்கியிருந்தது.

வெளியே, பக்கத்து மரத்தடியில் புளி தட்டிக்கொண்டிருந்த மாதம்மாவின் குரல் கேட்டது. "என்னாங்க சார், டாக்டரம்மாவுக்குப் பேய் ஓட்டறீங்களா?"

வியர்த்து வழிய வெளியே வந்தேன். அன்று மாலையே பாயை அழைத்து உள்ளே நுழைந்து பார்க்கச் சொன்னோம். அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஊசியில்லாம எப்படீங்க தைக்கறது? ஓட்டை வுழத்தான செய்யும்?"

"தப்பு உங்களுதில்ல பாய். தையல் மேல பட்டி ஒட்டணும்."

"மைதாப் பசையா? பூச்சி அரிச்சுப்புடும். காஞ்சா உதுந்துடும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் மாதம்மா குவித்திருந்த புளியங்கொட்டை மேல் விழுந்தது. கம்பளி நெய்கிறவர்கள் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். கண்டதைப் படிக்கும் என் பழக்கத்துக்குக் கிடைத்த ஒரே வருமானம் இது என்று இன்றும் சொல்லிக்கொள்வேன். கொட்டையை வறுத்துத் தோலுரித்து, அரைத்துக் காய்ச்சி, விளக்குக் கரியைக் குழைத்துக் கறுப்பு மையாக்கினோம். பாய் துணிப்பட்டிகளை வெட்டி, தையல்மேல் வைத்து ஒட்டினார். மாதம்மா கஞ்சிப் பதம் பார்த்தாள். "களி கிண்டற கை எங்குளுது. நீங்க தள்ளுங்கம்மா" என்று கரண்டியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

வாரக்கணக்கில் எங்கள் மூவர் விரல்களும் கறுப்பாகவே இருந்தன. ஒவ்வொரு உறை காய்ந்ததும் நான் உள்ளே நுழைவேன். ஒரு நட்சத்திரம் தெரிந்தாலும் உள்ளிருந்தபடியே விரலால் தொட்டுக் காட்டுவேன். வெளியிலிருந்து பாய் அந்த இடத்தில் மை அப்புவார்.

குழு வந்தது. பகல் எண்ணிக்கையையும் இரவு எண்ணிக்கையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். மேடு பள்ளம் இல்லாமல் ஒரே கோடு. குழுவில் மூத்தவர், நம்பிக்கை வராமல், மேல்கோட்டைக் கழற்றிப் பாயிடம் கொடுத்துவிட்டுத் தானே ஓர் உறைக்குள் நுழைந்தார். மாதம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். உறை இங்குமங்கும் புடைத்து அசைந்தது. பிறகு தலைமுடி கலைந்து, மூக்கில் கரியோடு வெளியே வந்தார்.

"ஒண்ணுமே தெரியல" என்றார்.

பிற்காலத்தில் எனக்குப் பாராட்டுகள் வந்திருக்கின்றன, ஒரு சால்வைகூட உண்டு. அந்த 'ஒண்ணுமே தெரியல'வுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. நிலையம் பிழைத்தது. நான் இருந்த காலம் முழுக்க அந்தக் கருவிகள் பிசகாமல் எண்ணின. பாய் தன் கடைப் பலகையில், ஆண்கள் பெண்கள் உடைகள் என்ற வரிக்குக் கீழே, 'விஞ்ஞானக் கருவிகளுக்கும் உடை தைக்கப்படும்' என்று எழுதிவைத்தார். நிலையத்தை மூடிய பிறகும் அந்த வரி பல காலம் இருந்ததாகச் சொன்னார்கள்.

சில வருஷங்களுக்கு முன் போயிருந்தேன். கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். பாய் இல்லை, சார் இல்லை, மாதம்மாவை விசாரித்தால் அடையாளம் சொல்ல ஆளில்லை. எங்கள் மேட்டுக்காட்டில் குடைமிளகாய்க்கு நிழல்வலைப் பந்தல் போட்டிருந்தார்கள். காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். வலை நெடுக வெயில், எண்ண முடியாத நட்சத்திரங்கள்.

இதைப் பாய் பார்த்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார். மைக் கிண்ணத்தை எடுத்துவரச் சொல்லியிருப்பார்.