வண்டலில் நீட்டிய கை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூன்று பேர் கோவையிலிருந்து காரில் ஆழியாறு பக்கம் போயிருந்தோம். சுற்றிலும் மலை, நடுவே பாதிக்கு மேல் வற்றிய அணை. கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு ஒருவன் மரத்தடியில் தூங்கிவிட்டான். மற்றவனும் நானும் தண்ணீரை நோக்கி நடந்தோம்.

அவன் தென்னந்தோப்பு வைத்திருப்பவன். கோடையில் குளத்து வண்டல் அள்ளி மரங்களுக்குப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வறண்ட குளம் எதைக் கண்டாலும் மண்ணை ஒரு பிடி கசக்கிப் பார்க்காமல் அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

"டே, மண்ணப் பாரு. இதுல நாலு லோடு அடிச்சா எந்தோப்பே வேற மாதிரி ஆயிரும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மண், எங்கள் ஊர்க் குளம் போலத்தான் எனக்கும் தெரிந்தது. "இன்னுங் கொஞ்சம் உள்ள போடா, போட்டோல மலையும் சேர்ந்து விழுகட்டும்" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நானும் பின்னால் போனேன்.

மேலே காய்ந்திருந்ததே தவிர அடியில் முழுக்கச் சேறு. முழங்கால் வரை போனவன், உதற உதற இடுப்பு வரை இறங்கிவிட்டான். கத்தவில்லை. "கையக் குடுடா" என்று மட்டும் சொன்னான். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். என் காலும் லேசாகப் புதைந்தது. நான் பின்வாங்கினேன். கல் தரை வரும் வரை பின்வாங்கினேன். யாரையும் கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் தானாகவே பார்த்துவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். அதைச் சேற்றின்மேல் போட்டு, உள்ளே குப்புறப் படுத்து, துடுப்பால் உந்தி உந்தி நகர்ந்தார்.

"ஏனுங்க, காலை உதறாதீங்க. பின்னால சாஞ்சாப்புல இருந்து இந்த விளிம்பப் புடிச்சுக்குங்க."

அரை மணி நேரம் ஆயிற்று. பரிசலில் கட்டி அவர் வீசிய கயிற்றின் நுனியைக் கரையில் நின்று இழுத்தது மட்டும்தான் என் வேலை. மரத்தடியில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் காரில் கிளம்பினோம்.

சாயங்காலம் அவன் வீட்டில் சேற்றுத் துணியைப் பார்த்து அவன் மனைவி பதறினார். "சேத்துல மாட்டிக்கிட்டேன். இவன் ஓடிப்போயி ஆளக் கூட்டியாந்தான், இல்லீன்னா கஷ்டந்தான்" என்றான் அவன், என்னைப் பார்க்காமல்.

"நீங்க நல்லா இருக்கோணுங்ண்ணா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மணி என் தட்டில் இன்னொரு தோசை வைத்தார். அதையும் தின்றேன்.

இன்றுவரை அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதே மரியாதை, அதே சாப்பாடு. அன்று நான் ஓடிப்போய் யாரையும் கூட்டி வரவில்லை தங்கச்சி, அவன் கையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். உங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாததால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.