பீரோவுக்குள் முப்பத்தொரு விடுதலை

லிஃப்ட் மெக்கானிக் ஊரை விட்டு அதிகம் போனதில்லை. வேலை நாளெல்லாம் மேலே போவார், கீழே வருவார், அவ்வளவுதான் அவர் பயணம். ஆனாலும் முப்பத்தொரு நாடுகளின் விடுதலை அவருடைய இரும்பு பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஒரு நாடு சுதந்திரம் பெற்றதன் நினைவாக வெள்ளி நாணயம் வெளியிட்டால் போதும், அது வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத தீவாக இருந்தாலும் சரி, வாங்காமல் மனிதருக்குத் தூக்கம் வராது. ஓவர்டைம் பணம் முழுக்க அதற்கே போனது.

"ஊர் உலகத்துக்கெல்லாம் விடுதலை. எனக்குத்தான் இன்னும் கெடைக்கல," என்பார் மனைவி, பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

மற்றபடி மனிதர் பரம சாது. நாணய விஷயத்தில் மட்டும் வேறு ஆள். வெள்ளியில் விரல் பட்டால் ரேகை படிந்து, நாளாக ஆகக் கறுத்துவிடும். துடைத்தால் கீறல் விழும். அவர் விரல்களிலோ கிரீஸ் நிரந்தரமாகக் குடித்தனம் நடத்தியது. அதனால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பருத்திக் கையுறை மாட்டி, விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார். பிள்ளைகள் இருவரும் சிறு வயதில் எட்டிப் பார்த்தால், "கைய பின்னால கட்டு!" என்று ஒரே அதட்டல். அவர்களும் கையைக் கட்டிக்கொண்டே வளர்ந்து, கல்யாணமாகித் தனித்தனி வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கவலை அவரை அரிக்க ஆரம்பித்தது. தனக்குப் பிறகு இவை யாரிடம் போகும்? யாராவது எடைக்குப் போட்டு உருக்கிவிட்டால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் மகளும் வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் டப்பாக்களைப் பரப்பிவிட்டு, யாருக்கு வேண்டும் என்று கேட்டேவிட்டார்.

"அக்காவே எடுத்துக்கட்டும்," என்றான் மகன், பெரிய மனது பண்ணி.

"ஐயோ, தம்பி வீடுதான்பா பெரிசு," என்றாள் மகள்.

சொத்துக்காக அடித்துக்கொள்ளும் உடன்பிறப்புகளைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள்.

"ஏம்மா, பிடிக்கலையா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

மகள் கொஞ்சம் தயங்கினாள். "அப்படியில்லப்பா. ஒரு நாளாவது எங்கள தொட விட்டிருக்கீங்களா? அத பாத்தாலே இன்னும் கை தானா பின்னால போகுது."

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு டப்பாவைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய நாணயத்தை எடுத்து அவள் வெறுங்கையில் வைத்தார். மனசு பதறியது, காட்டிக்கொள்ளவில்லை. அவள் புரட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் ஒரு முறை சுண்டிக்கூடப் பிடித்தான்.

"நல்லாத்தான்பா இருக்கு," என்றாள் மகள். "ஆனா எங்களுக்கு வேணாம்."

அப்போதுதான் மனைவி கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தார். "யாரும் எடுத்துக்க வேணாம். எல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும்."

மெக்கானிக் திகைத்துப் போனார். "நீயா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இத திட்டிக்கிட்டே இருக்கியே!"

"ஆமா. நீங்க இல்லாத காலத்துல திட்டுறதுக்கு வீட்ல ஏதாவது ஒண்ணு வேணாமா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் அந்தப் பெரிய நாணயத்தை மகனிடமிருந்து வாங்கி, மனைவியின் ஈரம் காயாத கையில் வைத்தார்.