கர்னலுக்கும் டிரைவருக்கும் ஆகாது

கம்ப்யூட்டர் திரையில் படம் ஓட வைக்கிற மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைப் போடுகிற தொழிலில், திரை தெரிந்தால் ஆண்டவர் செயல், தெரியாவிட்டால் நான் செய்த வினை. கூட அவதிப்படும் தொழில் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா!

பேட்டா தனியா?

எங்கள் தங்கச் சுரங்க ஊரில் கோரமண்டல் பகுதி ஸ்டெல்லா அக்காவுக்குப் பெங்களூரில் வேலை. விடிவதற்குள் ரயில் பிடிக்கிற பிழைப்பு. வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேனேஜர் தலையசைத்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை வீடியோ மீட்டிங் ஒழுங்காக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி ரயில்தான். அக்காவின் லினக்ஸ் கம்ப்யூட்டரிலோ படம் விட்டு விட்டு இழுத்தது. "கவலைப்படாதீங்கக்கா, டிரைவர் ரெடிமேட் பேக்கேஜ்லயே வந்துடும்" என்றேன் போனில். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் மாமனார் குறுக்கே புகுந்தார்: "வேளாங்கண்ணி பேக்கேஜா? டிரைவர் பேட்டா தனியா குடுக்கணுமா?"

வா, யூனியனுக்கு!

ஞாயிறு சர்ச் முடிந்து போனேன். பேக்கேஜைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினால் திரை கும்மிருட்டு. அக்கா அழாத குறை. வெறும் எழுத்துத் திரைக்குத் தாவிப் பார்த்தால், நான் போட்டது புது கர்னலுக்கான பேக்கேஜ். சிஸ்டத்தையே கட்டி மேய்க்கிற கர்னல் அங்கே பழசு. "ஒண்ணுமில்லக்கா, கர்னலுக்கும் டிரைவருக்கும் ஒத்துப்போகல" என்றேன். மைன்ஸ் நாளில் யூனியனே கதியென்று கிடந்த மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்: "இன்னாப்பா, மிலிட்டிரிக்காரன்னா டிரைவர மெரட்டுவானா? வா, யூனியன்ல பேசி முடிச்சிக்கலாம்!"

பளிச்

பொருத்தமான பேக்கேஜைப் போட்டதும் திரை பளிச்சென்று வந்தது. நானும் அக்காவும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. திங்கள் மீட்டிங் அமோகம். அக்கா சீசன் டிக்கெட்டைக் கிழித்தே போட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே போன். மீட்டிங் நடுவில் மாமியார் கீரை ஆயச் சொல்கிறாராம். கேஸ் சிலிண்டர் வந்தாலும் கொரியர் வந்தாலும் அக்காதான் எழுந்து ஓட வேண்டுமாம். பின்னால் துண்டோடு வந்து மேனேஜருக்கு வணக்கம் வைக்கும் மாமனார் தெள்ளத் தெளிவாகத் தெரிகிறாராம். "தம்பி, ரயில்லயாவது கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வரைக்கும் தூங்கிக்கினு போவேன். நீ வந்து அந்த டிரைவர கழட்டிடு, புண்ணியமா போவும்!"

டிரைவர் ஓடவில்லை என்று என்னைத் திட்டாதவர் இந்த ஊரில் இல்லை என்றாலும், நன்றாக ஓடித் தொலைத்ததே என்று திட்டியவர் ஸ்டெல்லா அக்கா ஒருவர்தான்.