அடுத்த வருடத்து ஒன்பது பேர்

அண்ணன் தவறவிட்ட அந்தப் பந்து ஒன்றும் கஷ்டமான பந்து அல்ல. மட்டையில் பட்டு மேலே எழும்பி, நேராக அவனைத் தேடித்தான் வந்தது. மைதானத்தின் வலது மூலையில், ரப்பர் மரங்களின் ஓரமாக, பிரசாதம் வாங்குகிறவனைப்போல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். பந்து உள்ளங்கையில் பட்டுத் தெறித்தது. எதிரணியில் இரண்டு பேர் ஓடிவந்து நான் காவல் இருந்த பலகையை மிதித்து இரண்டு ஓட்டம் எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் நாங்கள் ஜெயித்திருக்கக்கூடிய ஒரே ஆட்டம் அப்படிப் போனது.

கோத்தா திங்கிக்குக் கீழே, ஆற்றோரம் இருந்த ஜப்பான்காரர் தோட்டம் எங்களுடையது. மற்றத் தோட்டங்களில் காற்பந்து ஆடினார்கள். உதவி மானேஜராக இருந்த எங்கள் ஜப்பான்காரச் சின்னத்துரைக்கோ பேஸ்பால்தான் உயிர். ஒரு மட்டை, தையல் போட்ட பந்து, ஒன்பது பேருக்கு ஐந்து கையுறை. லயத்துச் சனங்கள் அதற்குக் கட்டைப்பந்து என்று பேர் வைத்தார்கள். ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த நான், நாலு எழுத்துப் படித்தவன் என்பதால் கேப்டன். மற்றவர்கள் எல்லாரும் விடியற்காலையில் மரம் வெட்டி, வடிந்த ரப்பர்ப் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்த ஆட்கள். ஆறு ஆட்டம் ஆடினோம், ஆறிலும் உதை வாங்கினோம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஜப்பான் கடைக்காரர்கள்கூட, தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி எங்களை ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

அண்ணன் என்பவன் என் பெரியம்மா மகன். என் அப்பாவும் அம்மாவும் மலேரியாவில் போன பிறகு நாங்கள் இருவரும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தோம். ஒருவனைத்தான் பள்ளிக்கூடம் அனுப்ப முடியும் என்று வந்தபோது, அவனே கத்தியை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போய்விட்டான். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்த விளையாட்டில் அவனுக்கு இருந்த ஆசை எங்கள் யாருக்கும் இல்லை. அவ்வளவு மோசமாக ஆடியவனும் வேறு யாரும் இல்லை. முதல் ஆளாக வந்து கல் பொறுக்குவான், சுண்ணாம்புக் கோடு போடுவான், தன் கையுறையைப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பான். “தோத்துட்டு வர்றதுக்கா இம்புட்டு அவசரமா ஓடுறீங்க?” என்று அண்ணி கேலி செய்வார். “அடுத்த ஆட்டம் பாரு புள்ள” என்பான்.

கடைசி ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் சின்னத்துரை என்னைக் கூப்பிட்டார். எங்களோடு அவர் பேசுவது மலாயில்தான். “தாஹுன் டெப்பான் மெனாங்” என்றார். அடுத்த வருடம் ஜெயித்தே ஆக வேண்டுமாம். அதற்கு எனக்கு வேண்டிய ஒன்பது பேரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எனக்கு அந்தப் பந்தின்மேல் இருந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. என்னையும் சேர்த்து எட்டுப் பேரை எழுதினேன். ஒன்பதாவதாக, தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த நீளக் கைக்காரனான ஓர் இளந்தாரியின் பெயரைப் போட்டேன். அப்போது கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. அண்ணனிடம் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சொல்லவும் இல்லை.

அது ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் எங்கள் பெரட்டுக்களத்திலும் பெரிய கிராணி கப்பலேற வேண்டியவர்களின் பட்டியலை வாசித்தார். பாதித் தோட்டம் அதில் இருந்தது. நான் எழுதிக்கொடுத்த ஒன்பது பேரில் ஒருவர்கூட இல்லை. அண்ணன், அண்ணி, இரண்டு பெண் குழந்தைகள், நாலு பேருமே இருந்தார்கள். அந்தத் தாள் எதற்குப் பயன்பட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சின்னத்துரை எல்லாம் தெரிந்துதான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் பயப்படவே இல்லை. சிரித்தான். “தப்பா எழுதிட்டாங்கடா. நான் டீம் ஆளு. வா, தொரைகிட்ட சொல்லுவோம்” என்று என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான். சின்னத்துரை மேசையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என்னிடம் கொடுத்து, அவனுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அண்ணன் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தான். கடைசியில் ஒரு விரல்தான் மிச்சம் நின்றது.

“ஒம்பது ஆயிருச்சா?”

“ஆயிருச்சுண்ணே.”

“யாரு எழுதினது?”

“நான்தான்.”

என் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரைப் போடுங்கள் என்று சின்னத்துரையிடம் கெஞ்சினேன். பட்டியல் சிங்கப்பூர் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார். அண்ணன் என் கையிலிருந்து தாளை வாங்கி, படிக்கத் தெரிந்தவனைப்போல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான். “அந்தப் பயலப் போட்டது சரிதான்டா. அவனுக்குக் கை நல்லாருக்கு” என்றான். அவன் என்னை அறைந்திருக்கலாம். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை அதை நினைத்து ஏங்கியிருக்கிறேன்.

அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகு புறப்பட்ட அன்று அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வயதில் இங்கே வந்தவன் அண்ணன். அவனுக்கு ஊர் என்பது பெரியம்மா சொன்ன ஒரு பெயர்தான். “அங்க நமக்கு யாருடா இருக்கா?” என்று மட்டும் கேட்டான். அதன்பின் அவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன், எழுத எனக்கு முகவரி இல்லை.

அந்த மைதானத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. நீங்கள் ஒரு ஆட்டமாவது ஜெயித்தீர்களா என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். ஜெயித்தோம். அடுத்த வருடம் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தோம். அந்த இளந்தாரி ஓடிப்போய் ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்தபோது எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். பாவி, சந்தோஷமாகத்தான் கத்தினேன்.