புளி போட்டுத் தேய்த்த காசு

டீக்கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதுகூட வேலப்பன் உள்ளங்கையை விரிக்க மாட்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி, ஐந்து ரூபாய்க் காசை அதன் விளிம்பில் பிடித்துத்தான் வாங்குவார். மாஸ்டர் காசைப் பலகையில் விசிறிப் போட்டுவிட்டால் போச்சு. "இன்னாபா, தூக்கிக் கடாசுற? அது மூஞ்சில கீறல் வுழுந்தா நீ வந்து மருந்து போடுவியா?" என்று எகிறுவார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேலை எர்ணாவூரில், லாரி எடைமேடையில். வாரமெல்லாம் கண்டெய்னர்களை டன் கணக்கில் நிறுத்துச் சீட்டு கிழிப்பவர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சட்டைப்பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு தராசை எடுத்து வைத்து, கிராமில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை போடுவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பூதக்கண்ணாடி தொங்கும். யாராவது எந்தக் காசையாவது காட்டி எவ்வளவு போகும் என்று கேட்டால் சுள்ளென்று ஏறும். "வெலைய கேக்காத நைனா. வயச கேளு."

அவருடைய ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு காசு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் அடித்த சின்னச் செம்புக்காசு, வறுத்த காப்பிக்கொட்டை நிறம். பதினெட்டு வருஷம் தேடிக் கிடைத்தது. அந்தக் கறுத்த நிறம்தான் அதற்கு மதிப்பு. தேய்த்துப் பளபளப்பாக்கினால் சேகரிப்பவன் ஒருவனும் தொட மாட்டான். கேட்காதவர்களுக்கும் இதை அவர் சொல்வதுண்டு. ராயபுரத்தில் வாட்ச் கடை வைத்திருக்கும் சௌக்கத் அலி மூன்று வருஷமாக அந்தக் காசை விலைக்குக் கேட்கிறார். கேட்கும்போதெல்லாம் வேலப்பன் ஆல்பத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொள்வார்.

அந்த வாட்ச் கடையில்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். காசு பார்த்துக் களைத்தால் ஒரு விளையாட்டு. கையில் அகப்பட்டதையெல்லாம் அபூர்வப் பொருளாக்கி ஏலம் விடுவது. யேசுதாஸ் ஒரு சோடா மூடியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, "புழக்கத்துல வுடாதது, உலகத்துலயே மூணுதான் கீது" என்பார். சௌக்கத் அலி அறுந்த செருப்பு வாரை ஏதோ நவாப் காலத்தது என்பார். வேலப்பன் மட்டும் சேர மாட்டார். காசைக் கேலி செய்வதாகவே அவருக்குப் படும்.

ஒரே ஒரு தடவை சேர்ந்தார். மொபைல் கடை பாரி ஒரு குக்கர் வெயிட்டை நீட்ட, என்ன தோன்றியதோ, தராசில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் தலையாட்டினார். பாரி வீடியோ எடுத்தபடி, "பழசு எதுவா இருந்தாலும் புளி போட்டுத் தேச்சிக் கொண்டாங்க, ரேட்டு டபுளு!" என்று கத்தினான். கடையே குலுங்கியது.

பாரி குரூப்பில் போட்ட அந்த வீடியோவை எவனோ ஒரு புண்ணியவான் வெட்டிச் சுருக்கிவிட்டான். குக்கர் வெயிட் போய்விட்டது, சிரிப்பு போய்விட்டது. தராசும் பூதக்கண்ணாடியும் வேலப்பனின் தலையாட்டலும் பாரியின் குரலும் மட்டும் ஊர் ஊராகச் சுற்றின. எண்ணூர் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கும் குப்பம்மாவின் மகள் மதியின் போனுக்கும் போய்ச் சேர்ந்தன.

போன ஞாயிறு குப்பம்மா பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்துக் கடைக்கு வந்துவிட்டாள். வேலப்பனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீதானண்ணா அது? கண்ணாடி வெச்சிப் பாத்தியே?" முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஆற்று வாயில் வலையோடு வந்த காசாம். உள்ளே சின்னதாக, மணப்பெண் மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது பழவேற்காட்டு டச்சுக் காசு. "ரெண்டு நாளு ஒக்காந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன். எவ்ளோ போவும்ண்ணா? கம்பெனி எண்ணெ ஆத்துல கலந்து வந்தப்ப வலை பூரா நாசமா போச்சி. வேற வலை வாங்கணும்."

விலையைக் கேட்டதற்கு அவர் முதல்முறையாக எகிறவில்லை. காசை விளிம்பில் பிடித்துப் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். எழுத்தே மழுங்கும் அளவுக்குக் கீறல்கள்.

"தேய்க்காம கொண்டாந்திருந்தா நல்ல வலையே வாங்கியிருக்கலாம் தங்கச்சி. இப்ப இத்த யாரும் வாங்க மாட்டான்."

"தேய்க்கச் சொன்னதே நீங்கதான! நீ தலைய ஆட்டினியே!"

வேலப்பன் பாரியின் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? உன் வாயில புளிய கரைச்சி ஊத்த! எது விளையாட்டு, எது நெஜம்னு அந்த வூட்ல எவன் வந்து சொல்லுவான்?"

"தமாஷுக்குச் சொன்னதுதான மாமு" என்றான் பாரி.

"யாருக்குடா தமாஷு? வயிறு காயுறவளுக்கா?" மேசையில் குத்தினார். தராசு கீழே விழுந்தது. "இன்னும் அந்த வீடியோ ஓடிகினு கீது. இன்னும் எத்தினி பேரு தேய்க்கிறானோ!"

பாரி தலையைக் குனிந்துகொண்டான். குப்பம்மா அவனைப் பார்க்கவில்லை, வேலப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நம்ப வைத்தது பாரியின் வாய் அல்ல, இவருடைய தலை. அது அவருக்கும் தெரிந்தது. கத்துவதை நிறுத்தினார்.

அக்குளிலிருந்த ஆல்பத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். "பாய், மூணு வருசமா கேட்டியே. இனிமே இந்தம்மாகிட்ட கேளு. கொறைக்காத."

உறையைக் கவிழ்த்து உதறினார். காப்பிக்கொட்டை நிறக் காசு அவள் உள்ளங்கையில் விழுந்தது. சற்றுமுன் அவர் பிடித்துப் பார்த்த மாதிரியே அவளும் அதை விளிம்பில் பிடிக்கத் தடுமாறினாள். வேலப்பன் அவளுடைய ஐந்து விரல்களையும் காசின் மேலேயே மடக்கி, இறுக்கி மூடினார்.